சுப்பிரமணிய பாரதி

சுப்பிரமணிய பாரதி (டிசம்பர் 11, 1882 - செப்டம்பர் 12, 1921) தமிழ்க் கவிஞர், இதழாளர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். இவர் யானை தாக்கி இறந்தார் என்ற கருத்து பரவலாக உள்ளது. உண்மையில் இவரது உயிரைப் பறித்தது வயிற்றுக்கடுப்பு நோயாகும்.

வாழ்க்கை

சின்னசாமி ஐயர், இலக்குமி அம்மாள் இணையருக்கு எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தையார் அங்கு பஞ்சாலை தொடங்கிப் பெருநட்டமடைந்து 1898இல் இறந்தார். அதன் பின்னர் சில ஆண்டுகள் காசியில் வாழ்ந்த பாரதி, 1904இல் சென்னை சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியரானார். 1908இல் கைதாவதைத் தவிர்க்கப் புதுச்சேரி சென்று பத்தாண்டுகள் தங்கினார். 1920இல் மீண்டும் சுதேசமித்திரனில் பணியேற்றார்.

யானை தாக்கியமை

1921இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுக்கச் சென்றபோது அது இவரைத் தள்ளி வீழ்த்தியது. யானையின் கால்களுக்கிடையே கிடந்தவரைக் குவளைக்கண்ணன் தூக்கி வந்தார். காயங்கள் ஆறிய பின் பாரதி பணிக்குத் திரும்பினார்.

மொட்டை அடியால் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தால் அது பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வெளிப்பட்டுவிடும். மலேரியாவால் வீங்கிய மண்ணீரல் சிற்றடியிலும் கிழிவதுண்டு. அடிபட்டவரைச் சோதிக்கும்போது அதுவரை அறியப்படாத வயிற்று நோய் தெரியவருவதும் உண்டு. வயிற்றுக்கடுப்போ பெருங்குடலில் ஏற்படும் தொற்று; அசுத்தமான நீராலும் உணவாலும் வருவது. அடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஈரோடு பயணம்

யானைக் கதையை மறுக்க இப்பயணமே வலுவான சான்று. வழக்கறிஞர் தங்கப்பெருமாள் பிள்ளையின் அழைப்பை ஏற்று, அன்று திருப்பூரையும் உள்ளடக்கிய கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த ஈரோட்டுக்குத் தொடர்வண்டியில் சென்றார். கருங்கல்பாளையம் வாசகசாலையில் 1921 சூலை 31 அன்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருளில் உரையாற்றினார். மறுநாள் இந்தியாவின் எதிர்கால நிலை பற்றிப் பேசினார். பயண அனுபவத்தைச் சுதேசமித்திரனில் தாமே எழுதினார். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் செய்யக்கூடிய செயல்கள் அல்ல இவை.

மறைவு

செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டது. ஏற்கனவே மெலிந்திருந்த உடல் அதைத் தாங்கவில்லை. மருந்துண்ண மறுத்து, நண்பர்கள் அழைத்து வந்த மருத்துவரையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். வயிற்றுக்கடுப்பில் நீரிழப்பே பெரும் ஆபத்து. நுண்ணுயிரால் வரும் வகைக்கு ஏற்ற சல்பா மருந்துகள் 1930களில்தான் வந்தன.

இறுதி இரவில் நீலகண்ட பிரம்மச்சாரி, பரலி சு. நெல்லையப்பர் முதலியோர் உடனிருந்தனர். ஆப்கானித்தான் மன்னர் அமானுல்லா கான் பற்றி மறுநாள் அலுவலகத்திற்குக் கட்டுரை கொண்டுசெல்ல வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் அவருக்கிருந்தது. நள்ளிரவு கடந்தபின் உயிர் பிரிந்தது. ஆங்கில முறைப்படி அது செப்டம்பர் 12 ஆயினும், முந்தைய நாளின் இரவாகக் கணக்கிட்டு 11ஆம் நாளே நினைவு நாளாகப் பலவிடங்களில் கடைப்பிடிக்கப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 38. கிருட்டிணாம்பேட்டை இடுகாட்டில் நடந்த இறுதிச் சடங்கில் இருபதுக்கும் குறைவானோரே கலந்துகொண்டனர்.