பூட்டிய அலமாரிகளைத் திறந்தவர்: நூலகர் சீ. இரா. அரங்கநாதன்

பொன்விழா மலர்களில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது நம் வழக்கம். பெரும்பாலும் அவர் ஒரு வள்ளலாக இருப்பார், அல்லது மார்க்க அறிஞராகவோ வணிகப் பெருமகனாகவோ இருப்பார். இம்முறை நாம் ஒரு நூலகரை எடுத்துக்கொண்டுள்ளோம். அவர் மலாயாவில் வாழ்ந்தவரல்லர், நம் சமயத்தவருமல்லர். ஆயினும் அந்நியரும் அல்லர். நம் முன்னோரில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் வந்திறங்கினார்கள் அல்லவா, அந்தத் தஞ்சைச் சீமையில் பிறந்தவர்தாம் அவர். நம் வீடுகளில் சேர்ந்து கிடக்கும் புத்தகங்களை என்ன செய்யப் போகிறோம் என்று நாம் கூடிப் பேசவேண்டிய நாள் வந்துவிட்டது. அந்தப் பேச்சைத் தொடங்க அவருடைய வாழ்க்கை நல்ல துணையாக இருக்கும்.

சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் 1892 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913-ல் இளங்கலைப் பட்டமும் 1916-ல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ராஸ் அவருக்கு ஆசானாகவும் வாழ்நாள் வழிகாட்டியாகவும் அமைந்தார். இளமையில் அரங்கநாதனுக்குத் திக்குவாய் இருந்தது. அதை வென்று ஆசிரியப் பயிற்சியும் பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணவர்கள் விரும்பும் ஆசிரியர் என்று பெயரெடுத்தார். அத்தொழிலிலேயே நிலைத்திருக்கவும் எண்ணியிருந்தார்.

அந்தக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு முழுநேர நூலகரை நியமிக்க முடிவு செய்தது. நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லை. நண்பர்களின் தூண்டுதலால் விண்ணப்பித்திருந்த அரங்கநாதனுக்கு அப்பதவி கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். ஏற்ற சில நாட்களிலேயே அவருக்கு வேலை கசந்துவிட்டது. கேள்வி மேல் கேள்வி கேட்கும் மாணவர் கூட்டத்தின் நடுவே பழகியவருக்கு, அரிதாகவே ஆள் நுழையும் அந்த நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. பழைய கல்லூரிக்கே திரும்பிச் சென்று தம் இடத்தைக் கேட்டார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சியை முடித்து வரட்டும், அதன் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் கற்பிக்க வரலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

அவ்வாண்டே கப்பலேறினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் நூலகக் கல்வி பயின்றார். ஆனால் அவரை மாற்றியவை வகுப்பறைப் பாடங்களைவிட அவர் நேரில் சென்று பார்த்த நூலகங்களே. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளிகள் வேலை முடித்து வந்து படித்தார்கள். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. வீட்டுப் பெண்கள் கூடையில் காய்கறியோடு புத்தகமும் எடுத்துப் போகத் தடை இருக்கவில்லை. நூலகம் என்பது படித்தவர்களுக்கு மட்டுமான மாளிகை அன்று, ஊர் மக்கள் அனைவருக்குமான பொதுக் கிணறு என்பதை அவர் கண்ணாரக் கண்டார். தம் நாட்டு மக்களுக்கு இது ஏன் கிட்டக்கூடாது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1925-ல் ஊர் திரும்பியபோது, கற்பிக்கும் வேலைக்குத் திரும்பும் எண்ணம் அவரிடம் இல்லை.

லண்டனில் அவர் கண்ட இன்னொரு காட்சியும் குறிப்பிடத்தக்கது. ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். ஒரே தகடுகளையும் திருகுகளையும் வெவ்வேறு விதமாக இணைத்து வெவ்வேறு பொம்மைகளைச் செய்து காட்டினார்கள். புத்தகங்களின் பொருளையும் இப்படிச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்து எண் கொடுக்கலாமே என்று கணித ஆசிரியருக்குத் தோன்றியது. கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். அதனால் அது கோலன் பகுப்புமுறை எனப் பெயர் பெற்று 1933-ல் நூலாக வெளிவந்தது. இன்று நம் மலேசியப் பொது நூலகங்களில் காணப்படுவது அமெரிக்கரான ட்யூயி வகுத்த பதின்ம முறை. எனினும் உலகில் எங்கே நூலகக் கல்வி கற்பித்தாலும் அரங்கநாதன் பெயரைச் சொல்லாமல் அப்பாடம் நிறைவு பெறுவதில்லை.

சென்னை திரும்பியவர் முதலில் செய்த வேலை அலமாரிகளைத் திறந்தது. அதுவரை புத்தகம் வேண்டுவோர் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். அரங்கநாதன் வாசகர்களை நேரே அலமாரிகளின் நடுவே செல்லவிட்டார். புத்தகம் தொலைந்துபோகுமே என்ற அச்சத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. நூலகத்தின் நேரத்தை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறந்து வைத்தார். தயங்கி நிற்பவரிடம் தாமாகச் சென்று என்ன தேடுகிறார் என்று விசாரிக்கும் பணியாளர்களைப் பழக்கினார். வீட்டுக்கே புத்தகம் அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நூலகமே அவருடைய வீடாக இருந்தது. எளிய உடை, எளிய உணவு, விடுப்பே எடுக்காத உழைப்பு என்று வாழ்ந்தார். தம் திருமண நாளன்றுகூட மாலையில் நூலகத்துக்குச் சென்று வேலை பார்த்தார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி.

1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். 1931-ல் வெளிவந்த அவருடைய நூல், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தது. அவற்றின் சாரத்தை நம் சொற்களில் சொன்னால் இப்படி வரும். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே, பாதுகாத்துப் பூட்டி வைப்பதற்கன்று. படிக்க விரும்பும் எவருக்கும், அவர் ஆணோ பெண்ணோ, ஏழையோ செல்வரோ, அவருக்கேற்ற புத்தகம் கிடைக்கவேண்டும். எழுதப்பட்ட ஒவ்வொரு புத்தகத்தையும் தேடி ஒரு வாசகர் இருக்கிறார். அவரிடம் அதைச் சேர்ப்பிப்பது நூலகரின் கடமை. வந்தவருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே அந்த வளர்ச்சிக்கு இடம் விட்டே அதை அமைக்கவேண்டும்.

ஏட்டில் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அதே 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். அரங்கநாதனும் சென்னை நூலகச் சங்கமும் அதற்குத் துணை நின்றார்கள். மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் எவ்வளவு தூரம் என்பது நம்மில் அவ்வூர்க்காரர்களுக்குத் தெரியும். நம் பாட்டனார்கள் மலாயாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் ஊர்ப்பக்கத்துச் சாலைகளில் புத்தக வண்டி போய்க்கொண்டிருந்தது.

நம் சமூகத்தார் பெருமையோடு நினைக்கவேண்டிய ஒரு தொடர்பும் இவ்வரலாற்றில் உண்டு. நூலகம் ஒருவரின் தயவில் நடப்பதாக இருக்கக்கூடாது, சட்டத்தின் துணையோடு நடக்கவேண்டும் என்பது அரங்கநாதனின் உறுதி. அதற்கான மாதிரிச் சட்டத்தை அவரே வரைந்தார். 1930களில் அதைச் சென்னைச் சட்டமன்றத்தில் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் ஜனாப் பஷீர் அகமது சையத் அவர்கள். பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவரும், சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியை நிறுவிப் பெண் கல்விக்கு வழி திறந்தவரும் அவரே. அந்த மசோதா அப்போது சட்டமாகவில்லை. ஆயினும் போட்ட விதை வீணாகவில்லை. 1948-ல் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் காலத்தில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. ஊர் மக்கள் செலுத்தும் வரியோடு நூலகத்துக்கென ஒரு சிறு தொகை சேர்ந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் நூலகங்கள் எழுந்தன. சமயம் வேறான இருவர் ஒரே நோக்கத்துக்காகக் கைகோத்ததன் பயனை, பின்வந்த தலைமுறைகளின் பிள்ளைகள் எல்லோரும் துய்த்தார்கள்.

சென்னையை விட்ட பிறகும் அவர் ஓயவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே இருந்து பகுத்து ஒழுங்குபடுத்தினார். 1947 முதல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தங்கி எழுதினார். 1957-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எழுபது வயதில், மற்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடும் பருவத்தில், பெங்களூரில் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965-ல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியர் ஆக்கியது. 1972 செப்டம்பர் 27 அன்று எண்பது வயதில் பெங்களூரில் காலமானார்.

அவருடைய இல்லறத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் மனைவி ருக்மிணி 1928-ல் மறைந்தார். மறு ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். பகலெல்லாம் நூலகம், இரவெல்லாம் எழுத்து என்று வாழ்ந்த கணவரின் வீட்டைச் சிக்கனமாகவும் செம்மையாகவும் நடத்தியவர் அந்த அம்மையார். அரங்கநாதன் அதை மறக்கவில்லை. தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து நூலகவியல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியபோது, அதற்கு மனைவியின் பெயரையே வைத்தார். தம் நூல்களின் வருவாய்க்காக அமைத்த அறக்கட்டளையும் சாரதா பெயரையே தாங்குகிறது. பொதுப்பணியில் இறங்கும் ஆண்களின் பின்னால் நின்று வீட்டைத் தாங்கும் பெண்களின் பெயர் எங்கும் எழுதப்படாமல் போவதை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். நம் சங்க வரலாற்றை எழுதும் இவ்வேளையில் இந்த முன்மாதிரியை மனத்தில் கொள்வது நல்லது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரங்கநாதன் மறைந்த அதே 1972-ல்தான் மலேசியாவில் தேசிய நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1966-ல், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த தனிநாயக அடிகள் அம்மாநாட்டை முன்னின்று நடத்தினார். இந்த மண்ணில் தமிழ் நூல்களுக்கு மதிப்பு இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் நூல்களின் கதி வேறு.

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய அலமாரி உண்டு. அதில் சீறாப்புராணம் இருக்கும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருக்கும். ஊரிலிருந்து வந்த மாத இதழ்களின் கட்டுகளும், பழைய திருமண வாழ்த்து மடல்களும், சங்க ஆண்டறிக்கைகளும் இருக்கும். அரபுத்தமிழை வீட்டில் ஓதிப் படித்துக் காத்தவர்கள் பெரும்பாலும் நம் பாட்டிமார்களே. பள்ளிக்கூடம் போகாத பெண்கள்கூட அந்த எழுத்தைப் படித்தார்கள். இன்று பேரப்பிள்ளைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். பாட்டி கண்மூடிய பின், வீடு மாறும்போது, அந்த அலமாரி பழைய தாளாக எடைக்குப் போகிறது. விற்ற பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அரங்கநாதன் இதைப் பார்த்திருந்தால் பெரிய கட்டடம் எதையும் கேட்டிருக்கமாட்டார் என்றே நாம் நினைக்கிறோம். முதலில் பட்டியல் போடச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு நூலின் பெயர், ஆசிரியர், அச்சிட்ட ஊர், ஆண்டு, இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்ற ஐந்து விவரங்களை ஓர் ஏட்டில் எழுதினால் போதும். அடுத்து, வாரத்தில் ஒரு நாளாவது குறித்த நேரத்தில் அலமாரியைத் திறந்துவைக்க ஓர் ஆள் வேண்டும். வருகிறவரிடம் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கத் தெரிந்தவராக அவர் இருக்கவேண்டும். மூன்றாவதாக, அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மூத்த பெண்மணிகள் இன்னும் சிலர் இருக்கும்போதே, அவர்களிடம் இளையவர்கள் அமர்ந்து கற்றுக்கொள்ளவேண்டும். படிப்பவர் இல்லாவிட்டால் பட்டியலால் பயனில்லை. நான்காவதாக, நம் வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைப்பதற்கு 1986 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. இம்மலர் உட்பட நாம் அச்சிடும் ஒவ்வொன்றும் அங்கே போய்ச் சேரவேண்டும்.

நம் சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடப் பயன் மிகுந்த பணி வேறு இருப்பதாகத் தெரியவில்லை. நூறாம் ஆண்டு மலரை எழுதப்போகிறவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு வழியும் இருக்காது. இம்மலரைப் படித்து முடித்த அன்பர்கள் தங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பட்டியலின் முதல் பக்கத்தை அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம்.