ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் குடிவழி

குடிவழி ஆராயப் புகுவோர் பெரும்பாலும் தந்தைவழியையே பற்றிச் செல்வர். மேனாட்டிலே பெண்கள் மணம் புரிந்ததும் கணவன் குடும்பப் பெயரைத் தாங்குவது வழக்காதலின், இரண்டு தலைமுறைக்குள் அவர்தம் பிறந்தகத் தொடர்பு மறைந்துவிடுகின்றது. உடுவில் மகளிர் பாடசாலையைத் தொடக்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1862ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதியாற் புகழ்பெற்ற மைரன் வின்ஸ்லோவை எம்மவர் நன்கறிவர். அவர்தம் மனைவியாரின் முன்னோரையும் பின்னோரையும் அறிந்தார் மிகச் சிலரே.

அம்மையார் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் என்னும் ஊரில் 1796ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சார்ள்ஸ் லாத்ரொப். தாயார் லெவிங்வெல் குடியினர். இரண்டும் அவ்வூரிற் பழங்குடிகளே. லாத்ரொப் குடியின் மூலவர் ஜோன் லோத்ரொப் என்னும் குரு. பெயரின் எழுத்துத் தலைமுறைதோறும் மாறியபோதும் ஆள் ஒருவரே என்பதை ஆராய்வோர் மனத்திருத்தல் வேண்டும். அரச திருச்சபையின் கட்டுக்கு அடங்காது தம் மனச்சாட்சியின்படி வழிபட்டமையால், 1632ஆம் ஆண்டு இவர் இலண்டனிற் சிறைப்பட்டார். இவர் சிறையிலிருந்த காலத்தே மனைவியார் காலமானார். 1634இல் விடுதலை பெற்றுப் பிள்ளைகளுடன் அமெரிக்கா சேர்ந்தார். இவருடைய மைந்தர் சாமுவேலின் வழியினரே நோர்விச் லாத்ரொப் குடும்பத்தார்.

1819ஆம் ஆண்டு தை மாதம் ஹரியற் மைரன் வின்ஸ்லோவை மணந்தார். அவ்வாண்டு ஆனி மாதத்திலே இருவரும் பொஸ்ரன் துறையிற் கப்பலேறினர். இலங்கையை அடைந்து உடுவிலிற் குடியமர்ந்தனர். பெண்பிள்ளைகளுக்கு ஏடும் எழுத்தாணியும் எதற்கென்று ஊரார் எண்ணிய காலம் அது. அந்நாளிலே, 1824ஆம் ஆண்டு, சிறுமியர் தங்கிப் படிக்கும் பாடசாலையை அம்மையார் உடுவிலில் நிறுவினார்.

இப்பணிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. மூத்த மகன் சார்ள்ஸைக் கல்வியின் பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினார். அப்பிள்ளை 1832இல், பதினொரு வயதில், அங்கே இறந்தான். மகனை மீண்டும் காணாமலே, 1833ஆம் ஆண்டு தை மாதம் 14ஆந் திகதி, அம்மையார் உடுவிலில் உயிர்நீத்தார். அப்போது வயது முப்பத்தாறு. அவர்தம் தங்கையர் மூவரும் மிஷனரிமாரை மணந்து யாழ்ப்பாணம் வந்தனர். அவருள் இருவர் 1837இல் இம்மண்ணிலேயே மறைந்தனர். ஒரு வீட்டுப் பெண்மக்கள் நால்வரைக் கடல் கடந்து அனுப்பிய பெற்றோரின் துயரையும் நாம் நினைத்துப் பார்த்தல் தகும்.

இனிப் பின்னோரைக் காண்போம். 1829இல் இலங்கையிற் பிறந்த மகளுக்கும் ஹரியற் என்றே பெயர். தாயை இழந்த இக்குழந்தையையும் சகோதரியரையும் தந்தையார் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். வளர்ந்தபின் இவர் ஜோன் வெல்ஷ் டல்லஸ் என்பவரை மணந்து, சென்னையிலே சில ஆண்டுகள் சமயப்பணியில் வாழ்ந்தார். இங்கே வின்ஸ்லோ என்னும் பெயரும் மறைந்து டல்லஸ் என்றாயிற்று. இவர் மகன் அலன் மேசி டல்லஸ். அவர்தம் மக்களுள் ஜோன் பொஸ்ரர் டல்லஸ் 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராசாங்க மந்திரியாயிருந்தார். அலன் டல்லஸ் 1953 முதல் 1961 வரை அந்நாட்டு உளவுத் தாபனத்தின் தலைவராயிருந்தார். எலனோர் டல்லஸ் பொருளியலறிஞராய் அரசசேவையிற் பெயர் பெற்றார். உலக அரசியலை அசைத்த இவர்கள் உடுவில் அம்மையாரின் பூட்டப்பிள்ளைகள் என்பது, தந்தைவழியை மட்டும் தேடுவார் கண்ணில் எளிதிற் படாத செய்தியாகும். பொஸ்ரர் டல்லஸின் மகன் ஏவரி கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, 2001இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

இக்குடிவழியில் நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. தம் மனம் கண்ட வழிபாட்டைப் பிறர் தடுத்தலாகாது என்று சிறை புகுந்தவர் முன்னோர். அவர் வழிவந்த அம்மையாரோ, எம் சிறுமியரை அவர்தம் முன்னோர் வழிபாட்டினின்றும் மாற்றும் நோக்கத்தோடே பாடசாலை திறந்தார். முன்னோர் தமக்கு வேண்டிய உரிமை எம்மவர்க்கும் உரியதென்பதை அக்காலத்து மிஷனரிமார் எண்ணினாரல்லர். இதனை மறைத்தல் உண்மையன்று. ஆயினும் பெண்ணுக்கு எழுத்தறிவித்த நன்றியை மறத்தலும் எமக்கு அழகன்று. நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், சேர். பொன். இராமநாதன் 1913இல் உடுவிலுக்கு அணித்தாய மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்குக் கல்லூரி கண்டதும், வசைமொழியால் அன்றிச் செயலால் அளித்த விடைகளாம்.

இளைஞர்காள்! அமெரிக்கப் பெண்ணொருத்தியின் வழியை முந்நூறு ஆண்டுக்கு மேலாகத் தொடர முடிவது, அவ்வூரார் பிறப்பும் இறப்பும் மணமும் எழுதிவைத்தமையாலன்றோ? எம்முள் எத்தனை பேர் தாயின் தாய்க்குத் தாய் பெயரைச் சொல்லவல்லோம்? வீட்டிலுள்ள பாட்டிமாரைக் கேட்டு, அப்பெயர்களை இன்றே ஒரு கொப்பியில் எழுதிவைப்போமாக. பெரியோரும் தாம் அறிந்தவற்றைச் சொல்லி உதவுவாராக.