தபால் இலாகா சம்பளத்தில் ஒரு புலி வேட்டைக்காரர்

பங்காருபேட்டை சந்திப்பில் இருந்து குப்பம் வழியாக ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போகிறவர்கள் ஏலகிரி மலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஊருக்குப் போகும்போதும் அந்த மலைதான் வரவேற்கும். திரும்பி வரும்போதும் அதுதான் வழியனுப்பும். அந்த மலையில் ஒரு காலத்தில் மனிதர்களைத் தின்னும் சிறுத்தை நடமாடியது. அதைப் பற்றி எழுதியவர் கென்னத் ஆண்டர்சன்.

வெள்ளைக்காரர்தான். ஆனால் சீமையில் இருந்து வந்து இறங்கியவர் அல்ல. பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்துவிட்ட ஸ்காட்லாந்துக் குடும்பம். 1910-ம் ஆண்டு ஐதராபாத் சமஸ்தானத்தில் உள்ள பொல்லாரத்தில் பிறந்தார். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தார். கன்னடமும் தமிழும் பேசுவார். காட்டில் அவருக்குத் துணை நின்றவர்களோடு பேச இந்த இரண்டு மொழிகளும்தான் உதவின.

வேட்டை என்றாலே ராஜாக்களும் கவர்னர்களும் யானை மேல் அம்பாரி கட்டிக்கொண்டு போகும் காட்சிதான் கண்ணில் வரும். ஆண்டர்சன் அந்த ரகம் அல்ல. பல ஆண்டுகள் தபால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பிறகு பெங்களூரில் 1940-ல் தொடங்கிய விமானத் தொழிற்சாலையில் பொறுப்பான பதவி வகித்தார். மாதச் சம்பளக்காரர். மேலதிகாரியிடம் லீவு கேட்டு, கிடைத்த நாட்களுக்குள் புலியைத் தேடிவிட்டுத் திரும்ப வேண்டிய நிலை. லீவு முடிந்துவிட்டால், புலி கிடைக்காவிட்டாலும் பெங்களூருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். இந்தக் கஷ்டம் குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்தத் துப்பாக்கி?

சம்பளக்காரருக்குத் துப்பாக்கி விஷயத்திலும் கையைக் கடிக்கும். அந்த நாளில் பெரிய மிருக வேட்டைக்கு உயர்ந்தது என்று பெயர் வாங்கியது இங்கிலாந்தின் இரட்டைக் குழல் ரைபிள். இரண்டு குழல், இரண்டு குதிரை, இரண்டு தோட்டா. ஒன்று தவறினால் கண் இமைப்பதற்குள் அடுத்தது வெடிக்கும். புலி வேட்டையில் உலகப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட்டிடம் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் அதன் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம் என்பார்கள்.

ஆண்டர்சன் தேர்ந்தெடுத்தது அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி செய்த 1895-ம் ஆண்டு மாடல் ரைபிள். அதில் 405 என்ற எண் கொண்ட தோட்டா. கம்பெனி இந்தத் தோட்டாவை 1904-ல் கொண்டு வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது சிங்கத்துக்கு இதைத்தான் எடுத்துப் போனார். அதனால் இதன் புகழ் உலகம் முழுவதும் பரவியது.

இந்த ரைபிளில் விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல் உண்டு. சுட்ட கையாலேயே அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். புதுத் தோட்டா குழலில் ஏறும். பெட்டியில் 4 தோட்டா, குழலில் ஒன்று. இரட்டைக் குழல் இரண்டு முறை வெடித்துவிட்டு மறுபடி தோட்டா போடச் சொல்லி வாயைப் பிளக்கும்போது, இது மூன்றாவது, நான்காவது வெடிக்கும் தயாராக இருக்கும். ஆனால் அடிக்கும் உதை சாமானியம் அல்ல. தோள் பழகாதவன் இரண்டு முறை சுட்டால் மூன்றாவது முறை யோசிப்பான்.

அடர்ந்த காட்டின் கணக்கு

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூங்கில் புதர், முள், ஓடைப் பள்ளம். அங்கே 300 கெஜத்தில் குறி பார்க்கும் வேலையே இல்லை. புலி தெரியும்போது பத்தடி, இருபதடியில்தான் தெரியும். ஆகவே தூரம் போகும் துப்பாக்கி தேவையில்லை. கனமான குண்டு தேவை.

405 தோட்டாவின் குண்டு 300 கிரெயின் எடை. அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். வேகம் வினாடிக்கு சுமார் 670 மீட்டர். இதைவிட வேகமான சிறு குண்டுகள் உண்டு. ஆனால் மெல்லிய குண்டு வேகமாக வந்து எலும்பில் மோதினால் மேலேயே சிதறிப் போகலாம். புலி சாகாது, காயத்தோடு புதருக்குள் போய்விடும். கனமான குண்டு ஆழமாக இறங்கும். அதற்காக, குறுக்கே கிளை இருந்தாலும் பரவாயில்லை என்று சுட்டுவிட முடியாது. எந்தக் குண்டானாலும் கிளையில் பட்டால் திசை மாறும்.

குண்டின் முனையிலும் விஷயம் இருக்கிறது. ஈய முனை வெளியே தெரியும் குண்டு உடம்பில் பட்டதும் காளான் போல விரியும். புலிக்கும் சிறுத்தைக்கும் அதுதான் சரி. யானைக்கு அது உதவாது. யானையின் மண்டை ஓடு தேன்கூடு போன்ற அறைகளால் ஆன கெட்டியான எலும்பு. ஈய முனை அதில் பாதி வழியிலேயே நசுங்கிவிடும். யானைக்கு முழுதும் உலோக உறை போட்ட கெட்டிக் குண்டு வேண்டும். ஆண்டர்சன் எழுதிய முதல் புத்தகத்திலேயே பனப்பட்டியின் மதயானை ஒன்று வருகிறது. ரூஸ்வெல்ட்டும் யானைக்கு என்று தனியாகப் பெரிய இரட்டைக் குழல் வைத்திருந்தார்.

இன்னொன்று, மருந்து. மழைக்காலத்தில் ஈரம் பட்ட பழைய தோட்டா வெடிக்காமல் போகும். கோலார் தங்கச் சுரங்கத்தில் வெடி வைத்தவர்களுக்கு, வெடிக்காமல் தங்கிவிட்ட மருந்தின் ஆபத்து தெரியும். காட்டில் அந்த ஆபத்து நான்கு கால்களோடு எதிரே நிற்கும்! 1930களில் வின்செஸ்டர் கம்பெனி அந்தத் துப்பாக்கியைச் செய்வதை நிறுத்தியது. பின்னர் தோட்டாவும் அரிய பொருளாகியது.

காயம் பட்ட புலி

துப்பாக்கி விஷயத்தில் இவ்வளவு கணக்கு எதற்கு? வேட்டைக்காரனின் உயிருக்காக மட்டும் அல்ல. பயிரைக் காக்க வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியில் சில்லு ரவை போட்டுப் புலியைச் சுடுவார்கள். கெட்டிக்கார வேட்டைக்காரர்கள் என்று பேர் எடுத்தவர்களும் அவசரத்தில் சுட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். காலில் காயம் பட்ட புலியால் மானைத் துரத்த முடியாது. அடுத்த வாரம் விறகு பொறுக்கப் போன பெண்ணும், மாடு மேய்க்கப் போன பையனும் வீடு திரும்ப மாட்டார்கள். பழி புலி மேல் விழும். சுட்டவன் பெயர் யாருக்கும் தெரியாது.

சவளகிரியின் பெண்புலி கதை அப்படிப்பட்டதுதான். வேட்டைக்காரர்களால் ஜோடியை இழந்தது. தானும் குண்டடி பட்டது. பிறகு ஆட்களை அடிக்க ஆரம்பித்தது. நிலா வெளிச்சத்தில் காட்டுக்குள் உட்கார்ந்து, ஆண் புலியைப் போலத் தொண்டையால் உறுமி ஆண்டர்சன் அதை அழைத்தார். துணை கிடைத்துவிட்டது என்று நம்பி வந்த புலியைத்தான் சுட வேண்டியிருந்தது. அதை எழுதும்போது அவர் பெருமைப்படவில்லை. அவருடைய எழுத்தில் நம்மை இழுப்பது இந்த மனம்தான்.

கும்ளாபுரத்துச் சிறுத்தை 42 பேரைக் கொன்றது. சாயங்காலம் ஆனதும் வீடுகளின் கதவுகள் அடைபட்டன. கதவுக்கு முட்டுக் கொடுத்துத் தூங்கினார்கள். அங்கே காவல் இருந்த ஆண்டர்சனை எச்சரித்துக் காப்பாற்றியது அவர் ரைபிள் அல்ல, ஒரு தெருநாய். அந்த நாயைப் பெங்களூருக்கே கொண்டு போய் நிப்பர் என்று பெயர் வைத்து வளர்த்தார்.

அவருக்குக் காட்டைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்ற காட்டுப் பூசாரி. ஆற்றங்கரை வளையே வீடு. சட்டப்படி பார்த்தால் திருட்டு வேட்டைக்காரர். ஆண்டர்சன் அவரை நண்பர் என்றுதான் எழுதினார்.

துப்பாக்கி போய் காமிரா

1954-ல் முதல் புத்தகம் வந்தது. 1959-ல் சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தை பற்றிய புத்தகம். வரிசையாக ஏழெட்டுப் புத்தகங்கள். ஆட்களைத் தின்னாத புலியைச் சுடுவதில் அவருக்கு இஷ்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் காலத்தில் துப்பாக்கியைவிடக் காமிராவைத்தான் அதிகம் எடுத்துப் போனார். காடுகள் அழிவதையும், ஜீப்பில் விளக்குப் போட்டு மானைச் சுடுகிறவர்களையும் கடுமையாகச் சாடி எழுதினார்.

1970-ல் நாடு முழுவதும் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு புலிகளைக் காக்கும் திட்டத்தில் மைசூர்ப் பக்கத்துப் பந்திப்பூரும் சேர்ந்தது. 1974-ல் ஆண்டர்சன் புற்றுநோயால் பெங்களூரில் காலமானார். அந்தக் காலத்துக் காடுகளைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த புத்தகம் ஒன்று 1976-ல்தான் அச்சாகி வெளிவந்தது.