சீகன்பால்கு ஐயர்
நாம் ஈண்டு நினைவுகூரும் சீகன்பால்கு ஐயர் 1682-இல் ஜெர்மனி நாட்டில் பிறந்து, 1706-இல் தரங்கம்பாடிக் கரையை அடைந்தார். சமயம் கற்பிக்க வந்தவர், முதலில் தாமே மாணாக்கரானார். பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். 1707-இல் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றோர் டேனியர் வீட்டு அடிமைகள். முழுக்கோடு தம் கடன் முடிந்ததெனக் கருதாது, புதியோர்க்கு மறையை வினாவிடையாகக் கற்பித்தார். அவர்தம் பிள்ளைகட்குப் பள்ளிகள் அமைத்தார். ஆளுநரின் சினத்தால் நான்கு திங்கள் சிறையிருந்தும் தளர்ந்தாரல்லர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சேறி முடிந்தது. 1719-இல், 36 அகவையில் மறைந்து, தாம் எழுப்பிய கோயிலிலேயே அடக்கமானார். கடல் கடந்து வந்தவர் மணலில் அமர்ந்து கற்ற மொழியை, ஊர் கடந்து வாழும் நாம் நம் மக்கட்கு வீட்டிலேயே கற்பித்தல் அரிதாமோ?