சித்திர மன்னர் ரவி வர்மா

கலை யாருக்குச் சொந்தம் என்னும் வினாவுக்கு நமது தேசத்தில் நெடுங்காலம் ஒரே விடைதான் இருந்து வந்தது. கோயிலும் அரண்மனையுமே அதன் உரிமையாளர்; ஏனையோர் தூர நின்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அந்தத் தூரமும் எல்லோருக்கும் சமமாக இருந்ததில்லை. இந்த விடையை மாற்றி எழுதியவர்களுள் முதன்மையானவர் ரவி வர்மா. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு நெசவாளியின் வீட்டுக்குள் நுழைந்தால், விளக்கு மாடத்தின் மேலே தாமரையில் நிற்கும் லக்ஷ்மியும் வீணையேந்திய ஸரஸ்வதியும் காட்சி தருகின்றனர். நம் வீட்டுப் பெண்களைப் போலப் புடவை உடுத்திய அந்தத் தெய்வங்களுக்கு வீடுதோறும் இடம் தேடித் தந்தவர் அவரே.

1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி, திருவாங்கூர் சமஸ்தானத்தில், கிளிமானூர் அரண்மனையில் அவர் பிறந்தார். தந்தை சமஸ்கிருத பண்டிதர். தாய் கவிதை பாட வல்லவர். சிறுவயதில் அரண்மனைச் சுவர்களில் கரியால் கிறுக்கிய குழந்தையைத் தண்டிப்பதற்குப் பதிலாக, அவருடைய மாமன் ராஜராஜ வர்மா கையில் தூரிகையைக் கொடுத்தார் என்பர். 1850-இலேயே சென்னையில் சித்திரப் பள்ளிக்கூடம் ஒன்று தோன்றியிருந்தது. ஆனால் ரவி வர்மா அதன் படியை மிதித்தவரல்லர். எந்தப் பள்ளியும் அவருக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கவில்லை.

14-ஆம் வயதில் அவர் திருவனந்தபுரம் சென்றார். மகாராஜா ஆயில்யம் திருநாள் ஆதரவு காட்டினார். ஆனால் ஆதரவு வேறு, கல்வி வேறு. எண்ணெய் வர்ணத்தின் இரகசியத்தை அறிந்திருந்த ஆஸ்தான சித்திரக்காரர் ராமசாமி நாயக்கர், தமக்கொரு போட்டியாளன் உருவாகிறான் என்றஞ்சிக் கற்பிக்க மறுத்துவிட்டார். அவருடைய சீடரான ஆறுமுகம் பிள்ளை இரவு வேளைகளில் ஒளிந்து வந்து சில நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்று வரலாறு கூறுகிறது. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார். பார்த்தது ஒருபுறம், மீண்டும் மீண்டும் எழுதி அழித்தது மறுபுறம்: இவ்விரண்டுமே ரவி வர்மாவின் குருமார்கள். வித்தையைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் வழக்கம் நம் நாட்டை எவ்வளவு ஏழையாக்கிற்று என்பதை இளமையிலேயே அவர் அனுபவித்து அறிந்தார். அவருடைய பிற்கால வாழ்வுக்கு இந்த அனுபவமே திறவுகோல் என்பது நமது துணிபு.

1873-இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் மாதின் சித்திரத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னா நகரத்துக் கண்காட்சியிலும் பரிசு பெற்றார். 1876-இல் சகுந்தலை தாமரை இலையில் ஓலை வரையும் படத்தைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே விலைக்கு வாங்கினார். 1893-இல் சிகாகோவில், விவேகானந்தர் முழங்கிய அதே ஆண்டில், இவருடைய பத்துச் சித்திரங்களும் பதக்கம் பெற்றன. கிளிமானூருக்கு ஒரு தபாலாபீஸ் திறக்க நேர்ந்ததே இவருக்கு வந்து குவிந்த கடிதங்களால்தான் என்று கூறுவதுண்டு.

பரோடா மன்னர் ஸயாஜிராவ் கெயிக்வாடுக்காக 14 புராணச் சித்திரங்கள் தீட்டும் பணி வந்தது. தம்பி ராஜராஜ வர்மாவுடன் வடநாடு முழுவதும் சுற்றி, அந்தந்தப் பிரதேசத்தின் முகத்தையும் உடையையும் கண்டறிந்து எழுதினார். அச்சித்திரங்கள் பரோடாவுக்குப் போகுமுன் பம்பாயில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஜனங்கள் திரள்திரளாக வந்தனர். அரண்மனைச் சுவருக்குள் ஒடுங்கவிருந்த நளனையும் தமயந்தியையும் காண ஜனங்களுக்கு எவ்வளவு தாகம் என்பது அன்று வெளிப்பட்டது.

முன்னாள் திவான் மாதவராவ், சித்திரங்களை அச்சிட்டுப் பரப்பும்படி 1884-இலேயே யோசனை கூறியிருந்தார். 1894-இல் ரவி வர்மா பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவினார். ஜெர்மனியிலிருந்து யந்திரங்களும் தொழிலறிந்தவர்களும் வந்தனர். ஒரு படத்துக்கு எத்தனை வர்ணமோ அத்தனை கற்கள் வேண்டும்; ஒவ்வொன்றிலும் படத்தை எழுதி, ஒரே காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இம்மியும் பிசகாமல் பதிக்க வேண்டும். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. பின்னர் லக்ஷ்மி, ஸரஸ்வதி முதலிய படங்கள் நாடெங்கும் பரவின.

இதன் பயனைச் சற்றுச் சிந்தியுங்கள். பிறப்பைக் காரணமாக்கிக் கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட கோடிக்கணக்கானோர் அந்நாளில் இந்நாட்டில் இருந்தனர். அர்ச்சகரின் அனுமதியும் கோபுர வாயிலும் இல்லாமல், சில காசுகளில், தெய்வம் அவர்கள் குடிசைக்குள் வந்து அமர்ந்தது. மதுரை மீனாக்ஷி ஆலயம் ஹரிஜனங்களுக்குத் திறந்தது 1939-இல். திருவாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் பிறந்தது 1936 நவம்பர் 12-இல். அதை வெளியிட்ட மகாராஜா சித்திரைத் திருநாள், ரவி வர்மாவின் மகள் வயிற்றுப் பேத்தியின் புதல்வர். கொள்ளுத்தாத்தா காகிதத்தில் செய்ததைக் கொள்ளுப்பேரன் சட்டத்தில் செய்தார் என்றால் மிகையாகாது.

ரவி வர்மாவைக் குறை கூறியவர்களும் உண்டு. சகோதரி நிவேதிதை, ஹேவல், ஆனந்த குமாரசாமி போன்றோர், இவர் முறை ஐரோப்பியருடையது, பாரத கலையின் ஆன்மா இதில் இல்லை என்றனர். அஜந்தாவின் கோட்டில் உள்ள தியானம் இவருடைய எண்ணெய் வர்ணத்தில் இல்லை என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் கருவி அந்நியமானதாலேயே காரியமும் அந்நியமாகிவிடுமா? ஆங்கிலம் கற்று அந்த ஆங்கிலத்தாலேயே சுயராஜ்யம் கேட்டவர்கள் நம் தலைவர்கள். பஞ்சாபியும் தமிழனும் வங்காளியும் ஒரே தமயந்தியை மனத்தில் காணச் செய்தது தேசிய சேவையல்லாமல் வேறென்ன?

அந்தச் சேவைக்கு அவர் கொடுத்த விலை அதிகம். பம்பாயில் பிளேக் நோய் பரவியது. தொழில் குலைந்து கடன் ஏறியது. அச்சுக்கூடம் லோணாவாலாவுக்கருகே மளவ்லிக்கு மாறியது. இறுதியில் அங்கு வேலை பார்த்த ஜெர்மானியர் ஷ்லைகர் வசமே விற்க நேர்ந்தது. 1905-இல் தம்பி மறைந்தார். 1906 அக்டோபர் 2-ஆம் தேதி ரவி வர்மாவும் கிளிமானூரில் காலமானார். அச்சுக்கூடம் 1972-இல் தீக்கிரையாயிற்று. படங்களோ எரியவில்லை, அவை லக்ஷக்கணக்கான சுவர்களில் இருந்தன.

அவர் காட்டிய வழி நம் பக்கத்தில் தழைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள சிவகாசி, தேவப் படங்களும் காலண்டர்களும் அச்சாகும் பட்டணமாயிற்று. கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898-1976) அவற்றுக்கு உயிர் தந்தார். ராஜபாளையத்தில் பிறந்து 1949 முதல் 1952 வரை சென்னையின் முதன்மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா, தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார். ஓவியர் கலையைக் கொடுத்தார். தேசபக்தர் அதற்கு வீட்டைக் கொடுத்தார்.

ஜனங்களுக்குச் சோறும் வாக்குரிமையும் வேண்டும் என்று உழைப்பவர்கள், அழகும் அவர்களுடைய உரிமை என்பதை மறக்கலாகாது. ஒவ்வோர் ஊர் வாசகசாலையிலும் நல்ல சித்திரங்கள் தொங்கட்டும். சித்திரம் எழுதத் தெரிந்தவர் வாரம் ஒரு நாள் அங்கே சிறுவர்க்குக் கற்பிக்கட்டும். ஆறுமுகம் பிள்ளை இரவில் ஒளிந்து செய்ததை நாம் பட்டப்பகலில் செய்வோமாக.