ஆமைகளின் தோழர் ஆர்ச்சி கார்

ஆமைன்னு சொன்னாலே நமக்கு முயல் கதைதான் ஞாபகம் வரும். ஆனா, கடல் ஆமைகளுக்காகவே வாழ்ந்த ஒருவரைப் பற்றி நான் படித்தேன். அதை உங்களுக்கும் சொல்லணும்னு ஆசை.

ஆர்ச்சி கார் 1909-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, 1937-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே பேராசிரியரும் ஆனார்.

கடலுக்குள்ள போற ஆமை எங்கே போகுது? திரும்ப வருமா? இதைக் கண்டுபிடிக்க 1955-ல் கோஸ்டாரிகா நாட்டில் டோர்டுகேரோ கடற்கரைக்குப் போனார். ராத்திரியில் முட்டையிட வரும் பச்சை ஆமைகளின் முன் துடுப்பில் எண் போட்ட உலோக வில்லையை மாட்டினார். வில்லையைத் திருப்பி அனுப்பினால் பரிசு என்றும் அதில் எழுதியிருந்தது. தூரத்து மீனவர்களிடமிருந்து வில்லைகள் வந்தன. ஆனா முட்டையிடும் காலம் வந்தால், இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஆமைகள் அதே கரைக்குத்தான் வந்தன!

அப்போ அந்தக் கரையில் கட்டடம் வந்துட்டா என்ன ஆகும்?

ஃப்ளோரிடாவில் அதுதான் நடந்தது. கடலோரம் முழுக்க வீடுகளும் ஹோட்டல்களும் எழும்பின. அலையைத் தடுக்கச் சுவர் கட்டினாங்க. ஏறி வரும் தாய் ஆமை சுவரில் முட்டி, முட்டையிடாமலே திரும்பிவிடும். இல்லையென்றால் தண்ணீர் ஓரமாகவே இடும். அலை வந்து அழித்துவிடும். தப்பிப் பிழைத்த குஞ்சுகளுக்கு வேறு ஆபத்து. மணலிலிருந்து ராத்திரியில் வெளிவரும் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் பக்கம்தான் கடல் என்று நினைத்து ஓடும். இருட்டான கரையில் அது சரி. தெருவிளக்கு எரிந்தால் பாவம், ரோட்டுக்குப் போய் வண்டியில் அடிபடும்; இல்லைன்னா வெயிலில் காய்ந்து சாகும்.

கார் 1956-ல் எழுதிய 'தி விண்ட்வர்ட் ரோட்' புத்தகத்தைப் படித்தவர்கள் சேர்ந்து 1959-ல் ஆமைகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1975-ல் டோர்டுகேரோ தேசியப் பூங்கா ஆனது. அட்லாண்டிக்கில் பச்சை ஆமைகள் மிக அதிகமாக முட்டையிடும் இடங்களில் அதுவும் ஒன்று.

1987-ல் கார் மறைந்தார். 1991-ல் ஃப்ளோரிடாவில் சுமார் 32 கிலோமீட்டர் நீளக் கடற்கரையில் அவர் பெயரில் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். ஆனா அது ஒரே நிலமாக இல்லை. வீடுகளுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அதனால் பக்கத்தில் குடியிருப்பவர்கள் விளக்கை அணைத்தால்தான் குஞ்சுகளுக்கு வழி.

ஆமை நம்மிடம் சோறு கேட்கவில்லை. கொஞ்சம் மணலும், கொஞ்சம் இருட்டும்தான் கேட்கிறது. கொடுப்போமே!