புக்கர் டி. வாஷிங்டனும் சிற்றூர்ப் பள்ளிக்கூடங்களும்

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு புகையிலைப் பண்ணையில், 1856ஆம் ஆண்டில், அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாகப் பிறந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். தந்தை ஒரு வெள்ளையர் என்பதற்கு மேல் அவர் ஏதும் அறியார். பண்ணையாரின் மகள் பள்ளிக்குச் செல்கையில் அவளுடைய புத்தகங்களைச் சுமந்து செல்வது சிறுவன் புக்கரின் வேலைகளுள் ஒன்று. பள்ளியின் வாசல் வரை செல்லலாம், உள்ளே நுழையலாகாது. திண்ணைப் பள்ளிக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை.

1865இல் விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அங்கே உப்பு காய்ச்சும் ஆலையில் வேலை. மாற்றாந்தந்தை நிறைத்த பீப்பாய்களின் மீது 18 என்னும் எண் பொறிக்கப்படும். அவர் முதன்முதலாகப் படிக்கக் கற்றது அந்த எண்ணைத்தான். பிறகு தாய் எப்படியோ ஓர் எழுத்துப் பாடநூல் தேடித் தந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

1872இல், பதினாறு வயதில், ஏறத்தாழ 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் கல்விக்கூடத்தை நாடிப் புறப்பட்டார். வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, ரிச்மண்டு நகரில் பலகை நடைபாதையின் அடியில் படுத்துறங்கி, அழுக்குடையோடு போய் நின்றார். ஆசிரியை ஒருவர் ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார். மும்முறை பெருக்கி, நான்கு முறை துடைத்தார். அதுவே அவருக்கு நுழைவுத் தேர்வாயிற்று. நம் பிள்ளைகள் கையில் மட்டும் துடைப்பத்தைத் தந்த பள்ளிகளைக் கண்டவன் ஆதலால், பலரும் போற்றும் இந்நிகழ்ச்சி எனக்கு முழு உவகை தருவதில்லை. எனினும் அவர் அதைப் பெருமையாகவே கருதினார் என்பது உண்மை.

1881 ஜூலை 4 அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ என்னும் ஊரில் முப்பது மாணவர்களுடன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தேவாலயத்தை ஒட்டிய பாழ்குடிசையே பள்ளி. மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து வந்து ஆசிரியர் தலைக்குமேல் குடை பிடிப்பார், பாடம் நடக்கும். பின்னர் வாங்கிய நிலத்தில் கட்டடம் எழுப்ப மாணவர்களே செங்கல் அறுத்தனர். மூன்று சூளைகள் வீணாயின. கையிலிருந்த கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை இட்டார், செங்கல் வெந்தது. அப்பள்ளி நாளடைவில் நாடறிந்த நிறுவனமாக வளர்ந்தது.

இனி, அவர் வாழ்வில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம். 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், சமூகப் பிரிவினையை எதிர்த்துப் போராடுவதை விடுத்துத் தொழிலும் கல்வியும் தேடுமாறு தம் மக்களுக்கு அறிவுரை கூறினார். வெள்ளையர் கைதட்டினர். மறு ஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரிவினையைச் சட்டமாக ஏற்றது. 1901இல் அலபாமாவின் புதிய அரசியலமைப்பு கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்தது. 1903இல் அறிஞர் டுபாய்ஸ் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். டுபாய்ஸ் கூறியதே சரி என்பது என் கருத்து. வாக்கில்லாதவனின் வரிப்பணத்தை எவனும் அவன் பிள்ளைக்குச் செலவிட மாட்டான். வெள்ளையர் பள்ளிகளுக்குப் பணம் பாய்ந்தது. கறுப்பர் பிள்ளைகளோ தேவாலயங்களிலும் கொட்டில்களிலும் ஆண்டுக்குச் சில மாதங்களே படித்தனர். ஆயினும் வாஷிங்டனைக் கோழை எனல் பொருந்தாது. வாக்குரிமை பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு அவர் மறைவாகப் பணம் கொடுத்து வந்ததை, அவர் மறைந்த பிறகு அவருடைய கடிதங்கள் வெளிப்படுத்தின.

1911இல் சிகாகோவின் பெருவணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் அவருக்கு அறிமுகமானார். மறு ஆண்டு, தம் ஐம்பதாம் பிறந்தநாளையொட்டி, ரோசன்வால்ட் 25,000 டாலர் வழங்கினார். அதில் எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு ஆறு சிற்றூர்ப் பள்ளிகள் கட்ட வாஷிங்டன் இசைவு பெற்றார். முதற்பள்ளி 1913இல் அலபாமாவின் லோச்சபோகா அருகே எழுந்தது.

முழுப் பணத்தையும் ரோசன்வால்ட் தரவில்லை. ஊரார் ஒரு பங்கு தர வேண்டும். அரசும் தர வேண்டும். வரி செலுத்தியும் பள்ளி பெறாத மக்கள் மறுமுறையும் செலுத்தினர் என்பதே இதன் பொருள். பணமில்லாதவர் மரம் தந்தனர், உழைப்பைத் தந்தனர். பள்ளிக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விளைவித்தோரும் உண்டு. அலபாமாவில் ஒரு கூட்டத்தில், அடிமைக் காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர் அழுக்கேறிய பையை அவிழ்த்து, வாழ்நாள் சேமிப்பான 38 டாலரையும் மேசைமேல் கொட்டினார்.

கட்டடத்தின் வரைபடங்கள் டஸ்கிகீயில் உருவாயின. ராபர்ட் டெய்லர் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர் அவற்றில் பெரும்பங்கு கொண்டார். மின்விளக்கு எட்டாத ஊர்கள் அவை. ஆகவே உயர்ந்த சன்னல்களை வரிசையாக அமைத்தனர்; எழுதும் கையின் நிழல் தாளில் விழாதிருக்க, ஒளி மாணவரின் இடப்புறமிருந்து வருமாறு இருக்கைகளை இட்டனர். என் பணிக்காலத்தில் இவ்வளவு கருத்துடன் கட்டப்பட்ட வகுப்பறை ஒன்றிலும் நான் பாடம் நடத்தியதில்லை.

1915 நவம்பர் 14 அன்று வாஷிங்டன் டஸ்கிகீயில் காலமானார். திட்டம் நிற்கவில்லை. 1932 வரை பதினைந்து மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்ட் தரப்பில் வந்தது ஏறத்தாழ 43 இலட்சம் டாலர். கூலிகளும் குத்தகை உழவர்களுமான கறுப்பின மக்கள் தந்ததோ ஏறத்தாழ 47 இலட்சம் டாலர்.

1954இல் பிரிவினைப் பள்ளிகள் செல்லாவென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் இப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றின் ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். தீர்ப்பின் நன்மையைப் பேசுவோர் இதை மறந்துவிடுகின்றனர். பல கட்டடங்கள் சரிந்தன, பல எரிந்தன, இன்று நிற்பவை பத்தில் ஒரு பங்கு அளவே. லோச்சபோகாவின் முதற்பள்ளி இல்லை.

அலபாமாவின் பைக் வட்டாரத்தில் அத்தகைய பள்ளி ஒன்றில் படித்த குத்தகை உழவர் மகன் ஜான் லூயிஸ், 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரின் பாலத்தின்மேல் ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்து, காவலர் தடியடியில் மண்டை உடைந்து வீழ்ந்தார். அவ்வூர்வலம் வாக்குரிமைக்காக நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.